அம்மாவுக்கு இங்க்லிங் இல்லையாம்

ஆரணியில் ஒரு மொபைல் கடையின் மாடியில் நான் ஆங்கில வகுப்பு நடத்துகிறேன். சனிக்கிழமை சாயங்காலம், பெரியவர்களுக்கு மட்டும். பள்ளிக்கூடத்தில் பதினோரு வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, பெரியவர்கள்தான் எனக்குச் சரிப்படுவார்கள் என்று நானே முடிவு செய்து ஆரம்பித்தது. பட்டுக்கடையில் விற்பனைக்கு நிற்பவர்கள், பெங்களூர் வியாபாரிகளோடு பேசவேண்டிய ஒரு பவர்லூம் முதலாளி, வங்கிப் பரீட்சைக்குப் படிக்கும் பெண்கள் என்று ஒரு டஜன் பேர் வருவார்கள். ஆங்கிலத்தில் எனக்குப் பயம் கிடையாது. அதை வெளியே சொல்லிக்கொள்வதில் கூச்சமும் கிடையாது.

வகுப்பில் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். அந்த வாரம் கண்ணில் பட்டு, புரியாமல் போன ஒரு சொல்லை ஒவ்வொருவரும் எழுதிக்கொண்டு வரவேண்டும். பெரும்பாலும் ‘பெண்டிங்’, ‘எலிஜிபிள்’, ‘டிஸ்பேட்ச்’ என்று வரும். நான் பொருள் சொல்லி, அந்தச் சொல் எங்கிருந்து பிறந்தது என்றும் சொல்வேன். பிறப்பைச் சொன்னால் சொல் மறக்காது என்பது என் நம்பிக்கை.

அந்தச் சனிக்கிழமை, வகுப்பிலேயே வயதில் மூத்த அக்கா, தினசரி நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தை என்னிடம் நீட்டினார். பெரிய எழுத்துகளில், ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்க, ‘இங்க்லிங்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

இந்த அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். ஐம்பதைத் தாண்டியவர். தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு முடியும்போது அதன் இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்ப்பதுதான் அவர் வேலை. ஆயிரக்கணக்கான இழைகள். இழை வழுக்காமலிருக்க விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தால், ஒன்றைக்கூட மாற்றிப் பிணைக்காமல் எழுந்திருப்பார். அவர் வீட்டுக்காரர் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு இரண்டு பவர்லூம் ஓட்டுகிறார். ஒரே மகள், வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். “போன்ல வர்றத நானே படிக்கணும் டீச்சர், வேற ஒண்ணும் வேணாம்” என்று சொல்லித்தான் என்னிடம் சேர்ந்தார். ஒன்றரை வருஷத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவுக்கு வந்திருந்தார்.

தாளைப் பார்த்ததும் நான் யோசிக்கவே இல்லை. “இங்க்னா மை. கடைசியில ‘லிங்’ வந்தா சின்னதுனு அர்த்தம். டக்குனா வாத்து, டக்லிங்னா வாத்துக் குஞ்சு. அப்ப இங்க்லிங்னா மைத்துளி. பேனாவுலேர்ந்து ஒரு சொட்டு விழுந்தா எவ்ளோ தெரியும்? அவ்ளோதான் தெரியும்னு சொல்றதுக்கு இந்தச் சொல். லேசா ஒரு விஷயம் தெரியறது” என்றேன்.

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். அக்கா எழுதவில்லை.

“அப்ப, ‘ஹோப் அம்மா ஹேஸ் நோ இங்க்லிங்’னா இன்னா டீச்சர்?”

“அம்மாவுக்குத் துளிகூடத் தெரியாதுனு நம்புறேன். அதான் அர்த்தம். எங்க பாத்தீங்க அக்கா?”

“சும்மா, போன்ல வந்துச்சு.” தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் எனக்குள் ஏதோ உறுத்தியது. மைத்துளி என்று நான் எங்கே படித்தேன்? எங்கேயும் படித்ததாக நினைவில்லை. கையைக் கழுவிவிட்டு, படிக்கிற காலத்தில் வாங்கிய தடிமனான அகராதியை எடுத்தேன். போனிலும் தேடினேன். நான் சொன்ன பொருள் சரி, பிறப்பு தப்பு. அந்தச் சொல்லுக்கும் மைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

அறுநூறு வருஷத்துக்கும் முந்தைய ஆங்கிலத்தில் ‘இங்க்கில்’ என்றொரு வினைச்சொல் இருந்திருக்கிறது. ஒரு விஷயத்தை வாய்க்குள்ளேயே முணுமுணுப்பது, அடிக்குரலில் லேசாகச் சொல்லிவைப்பது என்று அதற்குப் பொருள். அந்த வினை காணாமல் போய்விட்டது. அதிலிருந்து பிறந்த ‘இங்க்லிங்’ மட்டும் பிழைத்துக்கொண்டது. முதலில் அது சொல்பவரின் வாயில் இருந்த முணுமுணுப்பைக் குறித்தது. போகப்போக, அதைக் கேட்டவரின் மனத்தில் தங்கிய லேசான சந்தேகத்தைக் குறிக்க ஆரம்பித்தது. அந்த வினைக்கும் முன்னால் என்ன? ‘சந்தேகம்’ என்ற பொருளில் ‘இன்க்கா’ என்று ஒரு பழஞ்சொல் இருந்தது, அதிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள். ‘இருக்கலாம்’, அவ்வளவுதான். அறிஞர்களும் அடித்துச் சொல்லவில்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. ‘இங்க்கில்’ என்றே நாடாவுக்கும் ஒரு பெயர் இருக்கிறது, சின்னஞ்சிறு தறியில் நெய்கிற குறுகலான நாடா. ஆரணியில் உட்கார்ந்துகொண்டு இதைப் படித்தவளுக்கு எப்படி இருந்திருக்கும்! நாடாவின் ஓரத்தைப் பார்த்தே முழுத்துணியை ஊகிப்பது என்று ஒரு கதையே என் தலைக்குள் தயாராகிவிட்டது. ஆனால் அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று அடுத்த வரியிலேயே போட்டிருந்தது. ஒரு நாளில் இரண்டாவது முறை ஏமாறாமல் தப்பித்தேன்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பு தொடங்கியதும், “போன வாரம் இங்க்லிங்குக்கு நான் சொன்ன கதை தப்பு. அடிச்சிடுங்க” என்றேன். சரியானதைச் சொன்னேன். தப்பை ஒத்துக்கொண்டால் மதிப்புப் போய்விடும் என்று சில வாத்தியார்கள் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

பவர்லூம் முதலாளி கையைத் தூக்கினார். “டீச்சர், இதத்தான நாம அரசல்புரசலா காதுல உழுந்துச்சுங்கிறோம்?”

நான் அசந்துபோனேன். அதைவிடப் பொருத்தமான தமிழ் கிடையாது. அரசல் என்றால் என்ன, புரசல் என்றால் என்ன? கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. ஆனால் சேர்த்துச் சொன்னால், பக்கத்து அறையில் யாரோ அடிக்குரலில் பேசுவது போலவே இருக்கிறது.

“அப்ப இது யாராச்சும் மெதுவா சொல்லி, காதுல உழறதா டீச்சர்?” என்று அக்கா கேட்டார்.

“ஆமா அக்கா. ஆரம்பத்துல அப்படித்தான்.”

“யாருமே சொல்லாம, தானா தெரிஞ்சிகினா?”

“அதுவும் இங்க்லிங்தான். இப்ப எல்லாத்துக்கும் சேத்துதான்.”

வகுப்பு முடிந்து எல்லோரும் இறங்கிப்போன பிறகும் அக்கா பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவில்லை. மடித்த தாளை மறுபடியும் எடுத்தார்.

“பொண்ணு லீவுக்கு வந்துச்சு டீச்சர். போன சார்ஜுல போட்டுட்டு குளிக்கப் போச்சு. அதுக்குள்ள ஒரு மெசேஜ் வந்து மேல நின்னுச்சு. ஹோப்பு படிச்சேன், அம்மா படிச்சேன், ஹேஸ் படிச்சேன், நோ படிச்சேன். எல்லாத்தையும் நானே படிச்சேன். இந்த ஒண்ணுதான் உதைச்சிது. மறஞ்சிடப்போவுதுன்னு ஜல்தியா ஒவ்வொரு எழுத்தா பாத்து எழுதினேன்.” சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தத்தைவிடப் பெருமைதான் அதிகம் இருந்தது.

“யாரு அனுப்பினது?”

“கூட வேல செய்யற பொண்ணு. எனக்குத் தெரியாதுன்னு நம்பறாங்களாம்.” சிரித்தார். “எனக்கு ஒரு வருஷமா தெரியும் டீச்சர்.”

அவர் சொன்னது இதுதான். போன வருஷம் பித்தப்பையில் கல் என்று அவரை மகள் வேலை செய்யும் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்திருந்தார்கள். அங்கே எக்ஸ்ரே எடுக்கும் பையன் ஒருவன், நாளைக்கு மூன்று தடவை வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தான். “எக்ஸ்ரே எடுக்கறவன் எதுக்கு எனக்கு வெந்நீ புடிச்சாந்து குடுக்கணும்? அப்பவே ஊரு, தெரு எல்லாத்தையும் கேட்டு வச்சிகினேன். படவேடாம். அப்பா இல்ல. அம்மா வாழத் தோட்டத்துல கூலிக்குப் போறாங்களாம். மேல்நிலைத் தொட்டிக்குப் பக்கத்துல வூடுன்னான்.”

பிறகு ஆடி மாதத்தில் பக்கத்து வீட்டுக்காரர் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகக் கிளம்பியபோது, மகள் சமையலறையிலிருந்து தலையை நீட்டாமலே, “ஒம்போதே முக்கா பஸ்ஸ விட்டா பன்னண்டு மணிக்குதான்” என்று சொல்லியிருக்கிறாள். அந்தக் கோயிலுக்கு அவர்கள் குடும்பமாகப் போனது அவள் ஆறாவது படிக்கும்போது. அப்புறம், வேலூர் கடையில் வாங்கியதாகச் சொல்லி ஒரு வாழைத்தார் கொண்டுவந்தாள். காம்பில் பால் காயக்கூட இல்லை. “கடையில வாங்குனது அப்டியா இருக்கும்?”

“ஏன் அக்கா நேரா கேக்கல?”

“கேட்டா பொய் சொல்லும் டீச்சர். எம்பொண்ண பொய் சொல்ல வைக்க எனக்கு இஷ்டமில்ல.”

அவரே தொடர்ந்தார். “ஞாயித்துக்கிழம படவேடு போறேன். பையனோட அம்மாவப் பாத்துட்டு வரணும். நீங்களும் கூட வாங்க.”

“நான் எதுக்கு?”

“வாங்க டீச்சர்.”

போனேன். பஸ்ஸில் முதலில் நின்றுகொண்டுதான் போனோம். சந்தவாசலில் கொஞ்சம் பேர் இறங்கியதும் இடம் கிடைத்தது. ஜவ்வாது மலை ஜன்னலுக்கு நேராக வந்துகொண்டிருந்தது. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாதாரணமாகச் சொன்னார்:

“உங்கள ஏன் கூப்ட்டேன்னா, நீங்களும் அந்தப் பக்கந்தான. அதான்.”

அவர் சொன்னது திசையை அல்ல என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆரணிக்கு வந்து எட்டு வருஷம். ஊர் எது என்று கேட்பவர்களிடம் வந்தவாசிப் பக்கம் ஒரு கிராமம் என்பேன். ஊரில் எந்தப் பக்கம் என்ற அடுத்த கேள்வி வருவதற்குள் பேச்சை மாற்றிவிடுவேன். என் அப்பா அம்மா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுத்தான் என்னைப் படிக்கவைத்தார்கள். நாங்கள் இருந்தது காலனியில். அதை நான் மறுத்ததில்லை, சொன்னதுமில்லை. வாடகை வீடு கிடைக்கவேண்டும், வகுப்புக்கு ஆள் வரவேண்டும். ஆரணியில் யாருக்கும் இங்க்லிங் இல்லை என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“எப்படித் தெரியும்?” என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது.

“நான் ஆப்ரேசன் முடிஞ்சி வந்தப்ப பாக்க வந்தீங்க இல்ல, அப்ப நிலப்படிகிட்டயே நின்னுகினு இருந்தீங்க. உள்ள வாங்கன்னு மூணு வாட்டி கூப்ட்டப்புறம்தான் கால எடுத்து வச்சீங்க. எங்க ஜனம்னா கூப்டறதுக்கு முன்னாடியே அடுப்பாண்ட வந்து நிப்பாங்க.”

“அப்ப எல்லாருக்கும் தெரியுமா?”

“அரசல்புரசலா தெரியும்.”

எனக்குக் கோபம் வந்தது. ஒளித்துவைத்திருந்தது தெரிந்துவிட்டதே என்பதற்காக அல்ல. என்னைக் கையில் பிடித்துக்கொண்டு போனால் அந்த வீட்டுக் கதவு சுலபமாகத் திறக்கும் என்று இவர் கணக்குப் போட்டிருக்கிறாரே என்றுதான். அதையே கேட்டுவிட்டேன். “அப்ப என்னை எதுக்குக் கூட்டிட்டுப் போறீங்க? உள்ள நுழையறதுக்குச் சீட்டு மாதிரியா?”

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு, “அப்டியுந்தான்” என்றார். “இன்னொண்ணும் இருக்குது. அவங்க வூட்ல எப்டிப் பேசணும்னு எனக்குத் தெரியாது. பொறந்ததுலேர்ந்து நான் ஒரு தடவகூட அந்த மாதிரி வூட்டுக்குள்ள போனதில்ல. வாய் தவறி எதுனா தப்பா வந்துடும். வந்தா நீங்க என்னப் புடிச்சி இழுத்துக்கணும்.”

பூசி மெழுகாமல் சொன்னதால் என் கோபம் பாதி இறங்கியது. மீதி இறங்கவில்லை. அப்படியே இறங்கி நடந்தோம்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நீலச் சுண்ணாம்பு அடித்த சின்ன ஓட்டு வீடு. பையனின் அம்மா வாசலில் உட்கார்ந்து வாழை நாரைக் கிழித்துக்கொண்டிருந்தார். அக்கா வயதுதான் இருக்கும். அக்கா தன்னை அறிமுகம் செய்துகொண்டு, “உங்க புள்ளயும் எம்பொண்ணும் வேலூர்ல ஒண்ணா வேல செய்யறாங்க. அது விஷயமா பேசிட்டுப் போலாம்னு வந்தேன்” என்றார்.

அந்த அம்மாவின் கையிலிருந்து நார் நழுவியது. எழுந்து நின்றுகொண்டார்.

“எந்தப் பொண்ணுங்க? எம்புள்ள என்னா பண்ணான்?”

அவருக்கு எதுவுமே தெரியாது. முகத்தைப் பார்த்ததும் எங்கள் இருவருக்கும் புரிந்துவிட்டது. மகள் மறைத்ததை ஒவ்வொன்றாகச் சேர்த்துவைத்து ஒரு வருஷம் காத்திருந்த அக்கா, பையனின் அம்மாவுக்கும் தெரிந்திருக்கும் என்றே எண்ணி வந்துவிட்டார். அந்த அம்மாவின் கண் எங்களைத் தாண்டித் தெருவைப் பார்த்தது. எங்களுக்குப் பின்னால் ஆம்பிளைகள் யாராவது வருகிறார்களா என்றுதான் பார்த்தார். இப்படிப்பட்ட விஷயத்துக்காக ஊர்ப் பக்கத்திலிருந்து ஆள் வந்து நின்றால் அடுத்து என்னென்ன நடக்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. எனக்கும் தேவையில்லை.

“தெரியாம எதுனா பண்ணியிருந்தான்னா, நான் கூப்ட்டு கண்டிச்சிடறேங்க. வேற ஊருக்கு மாத்திகினு போயிடச் சொல்றேங்க. அவனுக்கு அப்பா இல்லீங்க” என்று கைகூப்பினார்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். என் முறை என்று எனக்குப் புரிந்தது.

“அம்மா, பயப்படாதீங்க. யாரும் சண்டைக்கு வரல” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த அம்மா நம்பவில்லை என்று கூப்பியபடியே இருந்த கைகளைப் பார்த்தால் தெரிந்தது. “நான் வந்தவாசிப் பக்கம். காலனிதான். எங்கப்பா ஏர் ஓட்டினவர், எங்கம்மா நாத்து நட்டவங்க. நான் பொய் சொல்லிகினு உங்க வாசல்ல நிப்பனா?”

எட்டு வருஷமாக ஆரணியில் வாயைத் திறந்து சொல்லாததை, ஆரணிக்காரர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னேன். கூப்பிய கைகள் இறங்கின.

அக்காவுக்கும் அப்போதுதான் உயிர் வந்தது. படியேறி உள்ளே போய்த் தரையிலேயே உட்கார்ந்து, “குடிக்கத் தண்ணி குடுங்க” என்றார். அந்த அம்மா சொம்பைக் கழுவினார். பிறகு மறுபடியும் ஒரு தடவை கழுவினார். “எத்தினி வாட்டி கழுவுவீங்க, குடுங்க, நாக்கு வறண்டுபோச்சு” என்று கை நீட்டி வாங்கி, ஒரே மூச்சில் குடித்தார் அக்கா.

அந்த அம்மா மகனுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போடத் தெரியவில்லை, நான் போட்டுக்கொடுத்தேன்.

“டேய், ஆரணியிலேர்ந்து ஒரு அம்மா வந்துகிறாங்க.”

அந்தப் பக்கம் யாரிடமோ அவன் குசுகுசுவென்று பேசுவது கேட்டது. ஒரு பெண் குரல், “யாரு? எங்கம்மாவா?” என்றது.

அக்கா போனை வாங்கிக்கொண்டார். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, வகுப்பில் பாடம் ஒப்பிக்கும்போது உட்காருவது போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அம்மா ஹேஸ் இங்க்லிங்” என்றார்.

நடுவில் ஒரு ‘ஆன்’ போட்டிருக்கவேண்டும். நான் திருத்தவில்லை.

அந்தப் பக்கம் மகள் சிரித்தாளா அழுதாளா என்று சொல்லமுடியாத ஒரு சத்தம். “அம்மா, அப்பாவுக்குத் தெரியுமா?” என்றாள். “இல்ல. நான் சொல்றேன். ஒளிச்சி மறச்சி ஒண்ணும் வேணாம். பொங்கலுக்குள்ள தேதி வச்சிடலாம்” என்றார் அக்கா. அவ்வளவு தெம்பாகப் பேசி நான் பார்த்ததில்லை.

மகள் கொஞ்சம் தயங்கினாள். “ம்மா... நாங்க ரெஜிஸ்டர் பண்ணிட்டோம். நாலு மாசம் ஆச்சு.”

அக்கா போனைத் தரையில் வைத்தார். வெந்நீரைக் கண்டுபிடித்தவருக்கு, பஸ் நேரத்தைக் கண்டுபிடித்தவருக்கு, வாழைத்தாரின் பாலைக் கண்டுபிடித்தவருக்கு இது மட்டும் தெரியவில்லை. எழுந்து பின்பக்கம் போய், வாழைக் கன்றுகள் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். “இல்லம்மா, அவசரத்துல... மாத்தல் வருதுன்னு சொன்னாங்க...” என்று போன் தரையில் பேசிக்கொண்டிருந்தது. நான் எடுத்து, அப்புறம் பேசச் சொல்லி வைத்தேன்.

பின்பக்கம் போய் அவரைச் சமாதானப்படுத்தலாம் என்று எழுந்தேன். அதற்குள் பையனின் அம்மா போய்விட்டிருந்தார்.

“என்கிட்டயும் சொல்லலீங்க” என்று அவர் சொல்வது கேட்டது. “நாலு மாசமா வாராவாரம் வந்து சோறு துன்னுட்டுப் போறான். ஒரு வார்த்த சொல்லலியே. கல்லு மாதிரி இருந்துகிறான் பாருங்க.”

“என் பொண்ணு மட்டும் இன்னா? தீவாளிக்கு வந்து நல்லெண்ண தேச்சி வுட்டேன். கல்யாணம் ஆன பொண்ணுன்னு தெரியாம தேச்சி வுட்டுகினு இருக்கேன்.”

“பேஜார் புடிச்ச பசங்க.”

“ரெண்டையும் நிக்கவச்சி கேக்கணும்.”

அடுத்த அரைமணி நேரம் இரண்டு பேரும் சேர்ந்து பெற்ற பிள்ளைகளைத் திட்டினார்கள். என்னைப் பிடித்து இழுத்துக்கொள்ளச் சொன்ன அக்காவை இழுக்கவேண்டிய அவசியமே வரவில்லை. சோறு சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்றார் அந்த அம்மா. சாப்பிட்டோம். கத்தரிக்காய்க் குழம்பு நன்றாக இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா, “நான் காலையில சொன்னது உங்களுக்குக் கஷ்டமா போச்சா டீச்சர்?” என்று கேட்டார்.

“போச்சு” என்றேன்.

“அப்டி சொல்லியிருக்கக் கூடாது.”

“சொல்லாம மனசுக்குள்ள வச்சிகினு பேசியிருந்தா அதவிடக் கஷ்டமா இருந்திருக்கும்” என்றேன். உண்மையும் அதுதான். தெரிந்துகொண்டே தெரியாதது போல எட்டு வருஷம் என்னிடம் சிரித்துப் பேசியவர்களைத்தான் அப்போது நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா அன்றைக்குச் சாயங்காலமே வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சாடைமாடையாக அல்ல, பையனின் பெயர், ஊர், தெரு, பதிவு செய்தது, தான் போய்த் தண்ணீர் குடித்தது, சோறு சாப்பிட்டது எல்லாம். அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார். அதற்குப் பிறகு பல மாதங்கள் அந்த வீட்டில் தறிச் சத்தம் மட்டும்தான். படுக்கையைக் கொட்டகைக்கே கொண்டுபோய்விட்டார். உறவுக்காரர்கள் சிலர் வந்து அவரைத் தூண்டிவிட்டும் பார்த்தார்கள். அவர் மகளுக்கு எதிராகவும் பேசவில்லை, ஆதரவாகவும் பேசவில்லை. சாப்பாட்டை மட்டும் அக்கா எடுத்துப்போய் வைப்பார். தட்டு காலியாகத் திரும்பிவரும். “துன்றாரு இல்ல, அது போதும்” என்பார் அக்கா.

என் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த சனிக்கிழமை, புதிதாகச் சேர வந்த ஒருவர் வழக்கம்போல ஊர் எது என்று கேட்டார். ஊரையும் சொன்னேன், எந்தப் பக்கம் என்பதையும் சொன்னேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. பவர்லூம் முதலாளி, “டீச்சர், நேத்து குடுத்த வீட்டுப் பாடத்துல மூணாவது கேள்வி புரியல” என்றார். நேற்று நான் எதுவுமே கொடுக்கவில்லை. அந்த நல்ல மனிதருக்கு அவசரத்துக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அந்த மாதம் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். ஒருத்திக்குக் கல்யாணம், இன்னொருவர் காரணம் சொல்லவில்லை. அடுத்த மாதம் ஐந்து பேர் சேர்ந்தார்கள். நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் வேறு வீடு பார்த்திருப்பேன், ஊரை மாற்றியிருக்கமாட்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். மகளும் மருமகனும் வருகிறார்கள் என்றார். வீட்டுக்காரர் வரச்சொன்னாரா என்று கேட்டேன். “வரவேணாம்னு சொல்லல” என்றார். நான் போனேன், நிலைப்படியில் நிற்காமல் நேராக அடுப்படிக்கே போய், அப்பளம் பொரித்துக்கொடுத்தேன்.

அவர்கள் வந்தபோது கொட்டகையில் தறி ஓடிக்கொண்டிருந்தது. நிற்கவில்லை. மருமகன் பையன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். மகள் எழுந்து கொட்டகைப் பக்கம் இரண்டு அடி வைப்பதும் திரும்பி வருவதுமாக இருந்தாள். ஒரு மணிக்கு மேல் தறி நின்றது. மின்சாரம் போனதாக நினைத்தோம். ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

அவர் கைகால் கழுவிக்கொண்டு வந்தார். யாரையும் பார்க்காமல் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். பக்கத்து இலையைக் காட்டி மருமகனிடம், “உக்காருங்க” என்றார். அவன் உட்கார்ந்தான். இரண்டு பேரும் பேசாமல் பாதி சாப்பாடு வரை வந்துவிட்டார்கள். பிறகு அவர் இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

“எக்ஸ்ரே மிசின் ஓடிகினு இருக்கும்போது கரண்ட்டு பூட்சின்னா என்னா பண்ணுவீங்க?”

பையன் கையில் எடுத்த சோற்றை இலையில் வைத்துவிட்டு, ஜெனரேட்டர் எத்தனை நொடியில் எடுக்கும், அதுவரை பேட்டரி எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று சொல்ல ஆரம்பித்தான். அவர் தறிக்கு எது வைத்தால் தாங்கும் என்று கேட்டார். மகள் ரசச் சட்டியோடு எழுந்தாள். அக்கா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“இரு. பேசட்டும்.”